எடுக்கிற வேலை

மலாக்காவில் சர்வர் பார்க்க என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேச்சைத் தொடங்குவார்கள்: "இதக் கொஞ்சம் போட்டுக் குடுங்கண்ணே." போடுவது இன்றைக்கு ஒரு வரிக் கட்டளை. பள்ளிப் பிள்ளைகூடப் போடும். ஆனால் ஏழெட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியில் எதை எடுக்கலாம், எதைத் தொட்டால் எது சாயும் என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. எனக்குக் கிடைத்த கூலியில் பெரும்பகுதி அதற்குத்தான். பில்லில் மட்டும் 'இன்ஸ்டாலேஷன்' என்று எழுதுவேன். 'எடுக்காமல் விட்டதற்கு' என்று எழுதினால் எந்தத் தவுக்கே காசு கொடுப்பார்?

நான் ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால்மரம் வெட்டியவர். நான் படித்து முடிப்பதற்குள் தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது. எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு முதல் வேலை பத்து பெரெண்டாம் சுதந்திர வர்த்தக வட்டாரத்துச் சிப் தொழிற்சாலைகளில்தான். எனக்கும் அப்படியே. இரவு ஷிப்டில் சோதனை இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டேன். அவற்றில் சில யூனிக்ஸில் ஓடின. மௌஸ் இல்லாத கறுப்புத் திரையில் எழுத்தைத் தட்டி வேலை வாங்கும் பழக்கம் அங்கே தொற்றியது. பிறகு ஆயர் குரோவில் ஒரு சின்னக் கம்பெனிக்கு மாறினேன். தனியார் கல்லூரி, கிளினிக், கோயில் கமிட்டி, தோட்ட ஆபீஸ், செம்பனை ஆலை என்று யார் லினக்ஸ் கேட்டாலும் போவோம்.

2000-இல் ரெட் ஹாட் லினக்ஸ் 6.2 வந்தது. கோலாலம்பூர் இம்பி பிளாசாவுக்குப் போய் சிடி வாங்கி வருவோம். சிடியில் இருப்பதைப் போடுவதில் சிக்கல் இல்லை. சிடியில் இல்லாத ஒன்றை வாடிக்கையாளர் கேட்டால்தான் பிடிக்கும் சனி. ஆர்பிஎம் என்ற கட்டளை அப்போது ரொம்பக் கறார். பேக்கேஜைக் கொடுத்தால், "லிப்பிஎன்ஜி.சோ.2 தேவை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். அது ஒரு கோப்பின் பெயர். அந்தக் கோப்பு எந்த பேக்கேஜுக்குள் இருக்கிறது, அது எங்கே கிடைக்கும் என்றெல்லாம் சொல்லாது. நாமேதான் தேட வேண்டும். டேனியல் வெய்யார் என்பவர் நடத்திய ஆர்பிஎம்ஃபைண்ட் தளம் அந்தக் காலத்தில் எங்களுக்குக் குலதெய்வம். கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது எந்தெந்த பேக்கேஜில் இருக்கிறது என்று பட்டியல் வரும். ஆனால் அதே கோப்பு ரெட் ஹாட்டுக்கு ஒரு மாதிரி, மாண்ட்ரேக்குக்கு ஒரு மாதிரி, சூசேவுக்கு ஒரு மாதிரி இருக்கும். தப்பானதை இறக்கினால் அது வேறு இரண்டு கேட்கும். அந்த இரண்டில் ஒன்று புது ஜிலிப்சியைக் கேட்கும். ஜிலிப்சி என்பது கணினியில் ஏறக்குறைய எல்லா நிரலும் நிற்கிற அடித்தளம். அதை மாற்றப் போனால் மிச்சமெல்லாம் ஆடும்.

டயல்-அப்பில் இறக்குவோம். ஆபீஸில் யாராவது போனை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். இறக்கியதை வாடிக்கையாளர் இடத்துக்குக் கொண்டுபோக பிளாப்பிதான். ஒன்றில் 1.44 மெகாபைட்தான் கொள்ளும் என்பதால் பெரிய பேக்கேஜைத் துண்டு போட்டு எடுத்துப் போவோம். அலோர் காஜாவில் போய்ச் சேர்க்கும்போது கடைசித் துண்டு படிக்காது. திரும்பவும் ஆயர் குரோ.

இந்த அலைச்சலில்தான் பலர் 'நோடெப்ஸ்' என்ற குறுக்குவழிக்குப் பழகினார்கள். கட்டளையோடு அந்தச் சொல்லைச் சேர்த்தால், ஆர்பிஎம் சார்புகளை, அதாவது எதற்கு எது தேவை என்பதை, பார்க்காமல் போட்டுவிடும். ஒரு வாடிக்கையாளரின் பெட்டியில் எங்களுக்கு முன் வேலை பார்த்தவர் எல்லாவற்றையும் அப்படியே போட்டு வைத்திருந்தார். மேலுக்கு எல்லாம் ஓடியது. அச்சிடப் போனால் மட்டும் விழும். ஆர்பிஎம்மின் பதிவேட்டைக் கேட்டால் எல்லாம் போட்டாயிற்று என்றது. பதிவேடு ஒன்று சொல்ல, வட்டில் வேறொன்று கிடந்தது. எல்டிடி என்ற சிறு கட்டளையை ஒவ்வொரு நிரலின்மேலும் ஓட்டி, எந்த லைப்ரரிக்கு நேரே 'நாட் ஃபவுண்ட்' வருகிறது என்று தாளில் எழுதினோம். இல்லாத ஒன்றைப் புதிதாகப் போடுவதைவிட, பொய்யாக எழுதப்பட்ட ஒரு கணக்கைச் சரி செய்வது எத்தனை மடங்கு பாடு என்பது அந்தப் பெட்டியில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் 'நோடெப்ஸ்' அடித்தால் அன்றைக்குத் தே தாரிக் அவன் கணக்கு.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை எங்களுக்குக் காட்டியவர்கள் புக்கிட் பெருவாங் பக்கம் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகள். டெபியனின் 2.1 வெளியீடு 1999 மார்ச்சில் ஆப்ட் என்ற கருவியோடு வந்திருந்தது. எங்களுக்கு அது சற்றுத் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. ஒரு பையன் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து, ஆப்ட்-கெட் இன்ஸ்டால் என்று தட்டி ஒரு பேக்கேஜின் பெயரைக் கொடுத்தான். அது தன்பாட்டில் சார்புகளைக் கணக்குப் போட்டது. இன்னின்ன கூட வரும், இத்தனை மெகாபைட் இறங்கும், சரியா என்று கேட்டது. நாங்கள் வாயடைத்து நின்றோம். இரண்டு நாள் அலைச்சலை அது ஒரு கேள்வியாக்கிவிட்டது. 'மூ' என்று தட்டினால் எழுத்துகளால் வரைந்த ஒரு மாடு வந்து, இன்றைக்குக் கத்தினாயா என்று கேட்கும். அந்த விளையாட்டு இன்றும் ஆப்டில் இருக்கிறது.

ரெட் ஹாட் பக்கத்திலும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. பிரேசிலின் கொனெக்டிவா கம்பெனி ஆப்டை ஆர்பிஎம்முக்குப் பொருத்தியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சேத் விடால் முதலானோர் யம் என்பதை எழுதினார்கள். 2003 நவம்பரில் வந்த முதல் ஃபெடோராவில் யம் இருந்தது. 'யம் புரொவைட்ஸ்' என்று கோப்பின் பெயரைக் கொடுத்தால், எந்த பேக்கேஜ் தருகிறது என்று உடனே சொன்னது. எத்தனை இரவை அது மிச்சப்படுத்தியது என்று எனக்குத்தான் தெரியும். சேத் விடால் 2013 ஜூலையில் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்துபோனார். முகம் பார்க்காத மனிதர்தான். ஆனாலும் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

2004-இல் அரசாங்கம் பொதுத்துறைக்கான திறந்த மூலத் திட்டத்தை அறிவித்த பிறகு லினக்ஸ் கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். ஸ்ட்ரீமிக்ஸ் அகலக்கற்றையும் அதற்குள் பட்டணத்தில் பரவியிருந்தது. தோட்டங்களுக்கு மட்டும் அது சீக்கிரம் போய்ச் சேரவில்லை. மெர்லிமாவ் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு நன்கொடையாகப் பழைய கணினிகள் வந்தன. தலைமையாசிரியை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பிள்ளைங்க தமிழ்ல தட்டணும் சார், அதுவும் தமிழ்99-ல." பள்ளியில் இணையம் இல்லை. அங்கே என்னென்ன தேவை என்பதை அந்தக் கணினியையே கணக்குப் போடச் சொல்லி, பட்டியலை எடுத்து வந்து, ஆபீஸில் இறக்கி, பென்டிரைவில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். ஆப்டுக்கு 'பிரிண்ட்-யூரிஸ்' என்று ஒரு வசதி உண்டு. எதையும் இறக்காமல், எங்கிருந்து என்னென்ன இறக்க வேண்டும் என்று முகவரிகளை மட்டும் வரிசையாகக் கொடுக்கும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் சமாளித்தோம். இதே வேலைக்கென்றே இந்தியாவின் ரித்தேஷ் ராஜ் சர்ராஃப் எழுதிய ஆப்ட்-ஆஃப்லைன் பின்னால் எங்களுக்குக் கிடைத்தது. தோட்டப்புறப் பள்ளிகளுக்கு அதைவிட உபகாரமான கருவியை நான் பார்க்கவில்லை.

ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி, அதற்குக் கீழே எம்17என் லைப்ரரி, அதற்குக் கீழே விசைப்பலகை அட்டவணைகள் அடங்கிய தரவு பேக்கேஜ் என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் சரியாக இறங்கின. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. ஒரு பிள்ளையை உட்காரவைத்து 'அம்மா' என்று தட்டச் சொன்னோம். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. தமிழ் எழுத்துரு இல்லை! தட்டச்சுக் கருவி ஓடுவதற்கு எழுத்துரு தேவையில்லை, ஆகவே சார்புப் பட்டியலில் அது இல்லை. ஆப்டின் கணக்குப்படி அங்கே எந்தக் குறையும் கிடையாது. லோஹித் தமிழ் எழுத்துருவைத் தனியாகக் கொண்டுபோய்ப் போட்ட பிறகுதான் 'அம்மா' வந்தாள். ஒரு பேக்கேஜுக்கு எது தேவை என்று அதைக் கட்டியவர் எழுதி வைத்ததைத்தான் கருவி படிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு எது தேவை என்று அவர் எழுதவில்லை, எழுதவும் முடியாது.

எடுக்கிற கதைக்கு வருகிறேன். ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உபுண்டு போட்டிருந்தோம். அங்கே பயிற்சிக்கு வந்த ஒருவர் புது பைத்தானைப் போட்டுவிட்டு, "பழசு எதுக்கு?" என்று பழைய பைத்தானை எடுக்கச் சொல்லிவிட்டார். ஆப்ட் எச்சரிக்காமல் இல்லை. 'பின்வருபவை நீக்கப்படும்' என்று போட்டு, அதன் கீழே திரை முழுக்கப் பெயர்களை நிரப்பித்தான் கேட்டது. டெஸ்க்டாப், நெட்வொர்க் மேனேஜர், சாஃப்ட்வேர் சென்டர் எல்லாம் அதில் இருந்தன. அவர் கடைசி வரியில் இருந்த கேள்வியை மட்டும் பார்த்துவிட்டு ஒய் தட்டினார். மறுபடி திறந்தபோது கறுப்புத் திரை, நெட்வொர்க்கும் இல்லை.

அந்த அறையில் இரண்டு பேர் சிடியைத் தேடத் தொடங்கிவிட்டார்கள், முதலிலிருந்து போட. அது தேவையே இல்லை. ஆப்ட் தான் செய்ததையெல்லாம் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்கிறது. வார் அடைவில் லாக், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஹிஸ்டரி.லாக். அதில் தேதி, நேரம், தட்டப்பட்ட கட்டளை எல்லாம் இருக்கும். 'ரிமூவ்' என்ற சொல்லுக்குப் பின்னால் எடுக்கப்பட்ட ஒவ்வொரு பேக்கேஜும் அதன் பதிப்பு எண்ணோடு இருக்கும். கேபிளைச் செருகி, டிஎச்கிளையண்ட் கட்டளையால் கையாலேயே முகவரி வாங்கினோம். நாட்குறிப்பின் அந்த 'ரிமூவ்' வரியை வெட்டியெடுத்து, கமாவையும் அடைப்புக்குறியையும் நீக்கி, பெயர்களை மட்டும் இன்ஸ்டாலுக்குக் கொடுத்தோம். சாப்பாட்டு நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் பழையபடி ஆனது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று யாரும் எண்ண வேண்டாம். அடிப்படையான பேக்கேஜ்களை எடுக்கச் சொன்னால் ஆப்ட் அப்போதெல்லாம் வெறும் ஒய்-யை ஏற்றுக்கொள்ளாது. 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று, ஆச்சரியக்குறி உட்பட, முழு வாக்கியத்தையும் தட்ட வேண்டியிருந்தது. 2021-இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளைப் போடப் போய், அந்த வாக்கியத்தையும் தட்டித் தன் டெஸ்க்டாப்பையே கழற்றினார். உலகமே பார்த்தது. ஒன்றைப் போடச் சொன்னதற்கே கருவி வேறு பலவற்றை எடுக்கக் கிளம்பியது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. அதனால்தான் என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு இன்ஸ்டால் கட்டளையை நான் கடைசியில் காட்டுவது. முதலில் ஒத்திகை: கட்டளையோடு எஸ் சேர்த்தால் எதையும் தொடாமல் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். பிறகு, இதற்கு என்ன தேவை என்பதைவிட, இது யாருக்குத் தேவை என்று கேட்கும் கட்டளைகள். டெபியனில் ஆப்ட்-கேச் ஆர்டிபெண்ட்ஸ். ரெட் ஹாட் பக்கம், யம்முக்குப் பின் வந்த டிஎன்எஃப்பின் ரெப்போக்வெரி, அதில் வாட்ரிக்வயர்ஸ். எனக்குப் பிடித்தது ஆப்டிடியூட் வொய். ஒரு பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால், அது எந்தச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு இந்தப் பெட்டிக்குள் வந்தது என்று அச்சடித்துக் கொடுக்கும்.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வந்தபோது இந்தக் கேள்விகளே எங்களைக் காப்பாற்றின. ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஓட்டை, சர்வரின் நினைவகத்திலிருந்து ரகசியங்களை வெளியிலிருந்து உறிஞ்சிவிடலாம். தோட்டத்து லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுச்சுவர் ஒன்றுதான் என்பது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். பொது லைப்ரரியும் அப்படித்தான். இணையச் சர்வர், மெயில், விபிஎன் எல்லாம் அந்த ஒரே சுவரில் சாய்ந்திருந்தன. ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாருக்கும் சரியாகிவிடும் என்பது பொது லைப்ரரியின் லாபம். ஆனால் வட்டில் புதுக் கோப்பு வந்துவிட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழையதையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். அப்டேட் செய்துவிட்டோம் என்று பலர் நிம்மதியாகப் படுத்துவிட்டார்கள். எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் 'அழிக்கப்பட்டது' என்று குறி போட்ட லிப்எஸ்எஸ்எல்லை யார் இன்னும் பிடித்திருக்கிறார்கள் என்று தேடி, ஒவ்வொன்றாக மறுபடி தொடக்கினோம்.

அந்த வாரம் ஒரு தணிக்கைக்காரரோடு வாக்குவாதம் வேறு. அவருடைய ஸ்கேனர், பதிப்பு 1.0.1இ, ஆகவே ஓட்டை இருக்கிறது என்று சிவப்பாகக் காட்டியது. டெபியனும் ரெட் ஹாட்டும் பதிப்பு எண்ணை மாற்றாமலே திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆர்பிஎம்மிடம் ஓபன்எஸ்எஸ்எல்லின் சேஞ்ச்லாகைக் கேட்டு, 2014-0160 என்ற எண் உள்ள வரியைத் திரையில் காட்டிய பிறகுதான் ஆள் ஒத்துக்கொண்டார். இன்னொரு வேடிக்கை: அப்டேட்டே செய்யாமல் சென்ட்ஓஎஸ் 5-இல் கிடந்த பழைய பெட்டிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. அவற்றில் இருந்த 0.9.8-இல் அந்த ஓட்டை கிடையாது. சோம்பேறிகள் அந்த ஒரு வாரம் மட்டும் தலைநிமிர்ந்து நடந்தார்கள்.

பிறகு வந்த தலைமுறை என்பிஎம், பிப் என்று மொழிக்கொரு கருவியோடு வந்தது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி நிரலை அதை எழுதியவர் திரும்ப எடுத்துக்கொள்ள, உலகமெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்டமுடியாமல் நின்றன. சார்புகளைத் தீர்ப்பது இப்போது கணித வேலையாகிவிட்டது. டிஎன்எஃப் உள்ளே லிப்சால்வ் என்ற எந்திரம் தர்க்கச் சமன்பாடாக மாற்றி விடை காண்கிறது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. அது நன்றாக வேலை செய்வதால், அதன் விடையைப் படிக்கிற ஆள் குறைந்துவிட்டார் என்பது என் மனத்தாங்கல்.

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் யாரோ திட்டம் போட்டுப் பின்வாசல் வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துப் பிடித்தார். எஸ்எஸ்எச்சுக்கும் சுருக்கும் கருவிக்கும் என்ன சம்பந்தம் என்று வாடிக்கையாளர்கள் போன் போட்டுக் கேட்டார்கள். மூல எஸ்எஸ்எச்சில் சம்பந்தம் இல்லைதான். டெபியன், ஃபெடோரா போன்றவை சிஸ்டம்டி-யோடு பேசுவதற்காக அதை லிப்சிஸ்டம்டி-யோடு இணைத்திருந்தன. லிப்சிஸ்டம்டி-க்கு லிப்எல்இசட்எம்ஏ தேவை. பின்வாசல் அங்கே இருந்தது. மூன்று கண்ணிச் சங்கிலி. எங்கள் டெபியன் 12 பெட்டிகளில் இருந்தது 5.4.1. பின்வாசல் வந்தது 5.6.0-இலிருந்துதான், ஆகவே ஒன்றும் ஆகவில்லை. அப்படிச் சொல்வதற்கு ஒவ்வொரு பெட்டியிலும் பார்த்துவிட்டுத்தான் சொன்னோம்.

அதே ஆண்டு ஜூன் 30-இல் சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆயுள் முடிந்தது. ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைக் கணினி அதில்தான் ஓடியது. பழக்குலை ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, காலியாகப் போகும்போது ஒரு எடை. அதை ஆல்மாலினக்ஸுக்கு மாற்றச் சொன்னார்கள். புது ஆட்கள் எழுதிய எடைமேடை நிரலுக்கு பிஎச்பி தேவையில்லை. "பிஎச்பியை யாரும் கேட்கலண்ணே, விட்டுடலாம்" என்றான் என்னோடு வந்த பையன். வாட்ரிக்வயர்ஸும் அதையேதான் சொன்னது: யாருக்கும் தேவையில்லை. நான் ஆபீஸுக்குள் போய் கிராணியம்மாவிடம் கேட்டேன்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு தானா ஒரு கணக்கு வருமே சார், லாரி வாரியா. அத வச்சுதான் நான் காண்ட்ராக்டருக்கு காசு போடறேன்."

முன்பு இருந்த யாரோ பிஎச்பியில் எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் மாட்டிவிட்டுப் போன நாற்பது வரி. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதைப் புதுப் பெட்டிக்குக் கொண்டுவந்து, புது பிஎச்பிக்கு ஏற்பத் திருத்தினேன். அப்படியே வைத்துவிட்டு வரவில்லை. ஒரு ஸ்பெக் கோப்பு எழுதி, 'ரிக்வயர்ஸ்' என்ற இடத்தில் பிஎச்பியின் பெயரைப் போட்டு, முறையான ஆர்பிஎம்மாகக் கட்டி நிறுவினேன். அரை நாள் பிடித்தது. ஆலைக்காரர் அதற்குத் தனியாகக் காசு தரவில்லை.

சில மாதம் கழித்து பையன் அங்கிருந்து கூப்பிட்டான். இடம் போதவில்லை என்று கண்டதையும் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பிஎச்பிய எடுக்கப் போனா, 'லாரி-கணக்கு'ன்னு ஒன்னு இருக்கு, அதையும் சேத்து எடுக்கட்டுமான்னு கேக்குது. இது என்னாது?"

"கிராணியம்மாவக் கேளு" என்றேன்.